தானாக உதிர்ந்த இலைகள்

இலையுதிர் காடுகளின் எதிர்கால ஆய்வு நிலையத்தில், வரப்போகும் வருஷம் எப்படி இருக்கும் என்பது டிசம்பர் முதல் வாரமே அச்சாகி வந்துவிடும். பளபளப்பான தாள், மாதத்துக்கு ஒரு மரத்தின் படம். எந்த மரம் எந்த வாரம் இலை உதிர்க்க வேண்டும், எது எப்போது துளிர்க்க வேண்டும், எது எப்போது பூக்க வேண்டும் என்றெல்லாம் அதில் தீர்மானமாகியிருக்கும். பருவ நாட்காட்டி என்று பெயர். இயக்குநர் டாக்டர் லாம் கையெழுத்துப் போட்டு, சிவப்பு முத்திரை விழுந்த பிறகு, ஒரு பிரதி காட்டுக்குப் போகும். காட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டுவார்கள். பெட்டியின் முகம் உள்பக்கமாக, மரங்களைப் பார்த்து இருக்கும்.

காடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹோ சி மின் நகரத்தின் வடமேற்கு விளிம்பில், மோட்டார் சைக்கிளில் போனால் முதுகு வலிக்கிற தூரத்தில், மதில் கட்டிய ஒரு தோப்பு. போர் முடிந்து நாடு ஒன்றானதும் வந்த வறட்டு வருஷங்களில், வனத்துறை ஆட்கள் சிலர் மேட்டுநிலத்துக் காடுகளிலிருந்து கன்றுகளை லாரியில் ஏற்றி வந்து நட்டார்கள். சோற்றுக்கே தாளம் போட்ட நாளில் எதற்கு நட்டார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பிற்பாடு நிலையம் வந்து மதில் எழுப்பி, ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை அடித்தது. தாவரப் பன்மையை நிலையம் இந்தப் பலகைகளை வைத்துத்தான் கணக்கிட்டது. மரம் செத்தாலும் பலகை சாகாது அல்லவா? அதனால் உலகம் முழுக்கச் செடிகொடிகள் குறைந்துகொண்டு வந்த காலத்தில், நிலையத்தின் காட்டில் மட்டும் ஓர் இனம்கூடக் குறையவில்லை. அதற்காக டாக்டர் லாமுக்கு இரண்டு பதக்கம் கிடைத்திருந்தது.

லெயோன் அந்த நிலையத்தின் மொழிபெயர்ப்பாளன். காரைக்காலிலிருந்து, அன்றைக்குச் சைகோன் என்றிருந்த இந்த நகரத்தின் துறைமுகத்துக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். எழுபத்தைந்தில் போர் முடிந்து மற்றத் தமிழர்கள் விமானம் ஏறியபோது அவன் அம்மா நிறைமாதம், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் இருந்தவன் லெயோன். அப்பாவின் பிரெஞ்சு, வீட்டுத் தமிழ், தெருவின் வியட்நாமியம் என்று மூன்றும் அவனுக்குச் சரளமாக வரும். பத்து வருஷமாக இயக்குநரின் பேச்சை மொழிபெயர்த்து அவன் நாக்கு ஒரு விதமாகத் தேறிவிட்டது. செத்த மரத்தை டாக்டர் லாம் "ஓய்வு பெற்ற மரம்" என்பார். லெயோன் அதைப் பிரெஞ்சில் இன்னும் கொஞ்சம் மினுக்கி, "தகுந்த ஓய்வில் இருக்கும் மரம்" என்று சொல்வான். கேட்கிற வெளிநாட்டவர் முகம் மலரும். அது போதும் அவனுக்கு.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் மாரி-ரோஸ். ஒரே தேவாலயத்து ஆள், லெயோனுக்கு எட்டு வயது மூத்தவள். அப்பா பாண்டிச்சேரிச் சிப்பாய், அம்மா வியட்நாமியப் பெண். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தமிழ் மட்டும் அவளிடம் தங்கியது, பிரெஞ்சு தங்கவில்லை. நிலையத்தில் அவள் வேலை இலை பார்ப்பது. சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே அதுதான் வேலை. எந்த மரம் எப்போது உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது, அடியில் என்ன முளைக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். நிலையத்தில் காட்டுக்குள் போய் வருகிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாரும் காட்டைப் பற்றிய வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

அவள் கண்டது இதுதான். மாரிக்காலம் நீண்டு நீண்டு, இலையுதிர்வு வருஷத்துக்கு வருஷம் தள்ளிப் போகிறது. உதிர்க்கிற மரங்களின் கன்றுகள் அடியில் வருவதில்லை. பறவைகள் போட்ட விதையிலிருந்து, வருஷம் பூராவும் பச்சையாக நிற்கிற வேறு மரங்களின் கன்றுகள் வருகின்றன. "காட்டுக்கு அடியில இன்னொரு காடு வருது, லெயோன். மேல இருக்கிறது போச்சுன்னா அது திரும்ப வராது" என்பாள். இதை அவள் எழுதிக் கொடுத்தபோது, "காடு புதிய உறுப்பினர்களை வரவேற்கிறது" என்று ஆண்டறிக்கையில் அச்சானது. அடுத்த மாதம், பலகை இல்லாத கன்றுகளைப் பிடுங்கிவிடச் சொல்லி ஆணை வந்தது.

இப்படி இருக்கையில் அந்த வருஷம் டிசம்பரில் நிற்க வேண்டிய மழை நிற்கவில்லை. ஜனவரியிலும் பெய்தது. காடு பச்சைப்பசேல் என்று நின்றது. "மாறும் பருவநிலையிலும் மாறாத பன்மை" என்ற தலைப்பில் கருத்தரங்கு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நிதி தருகிற ஐரோப்பியக் குழு உதிர்ந்த காட்டை நேரில் பார்க்க வருகிறது. நாட்காட்டிப்படி எல்லா மரமும் இந்நேரம் மொட்டையாக இருக்க வேண்டும்.

டாக்டர் லாம் அவசரக் கூட்டம் போட்டார்.

"நாட்காட்டியை நானே இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், அதில் பிழை இல்லை" என்று தொடங்கினார். "ஆகவே பிழை மரங்களிடம் இருக்கிறது. ஆனால் நான் அவசரப்பட்டு மரங்களைக் குறைசொல்ல மாட்டேன். நாட்காட்டி அவற்றுக்கு உரிய காலத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்."

விசாரித்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் பூட்டு, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. ஆகவே காட்டிடம் விளக்கம் கேட்பது என்று முடிவாயிற்று. காட்டின் சார்பில் மாரி-ரோஸ் கையெழுத்திட வேண்டும். அவள் "மழை பெய்தது" என்று எழுதிக் கொடுத்தாள். பருவநிலையைக் காரணம் காட்டக் கூடாது, பருவநிலை வேறு பிரிவு என்று திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் லெயோனுக்கு அழைப்பு வந்தது. டாக்டர் லாம் கதவைச் சாத்திவிட்டு, தமக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று முதலில் தெளிவுபடுத்தினார். பிறகு, த்ருவோங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் மழைக்கான தெய்வம் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், உங்கள் ஊர் அம்மன்தானே, போய்ப் பேசிப் பார்க்க முடியுமா என்றும் கேட்டார். தான் கத்தோலிக்கன் என்று லெயோன் இழுத்தான். "பேச்சு மொழி ஒன்றுதானே" என்றார் இயக்குநர். லெயோன் பூவும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு போய், என்ன வேண்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். அவன் நிற்கும்போதே வெளியே தூறிற்று. அந்தச் செலவு, "உள்ளூர்ப் பங்குதாரருடன் கலந்தாலோசனை" என்ற தலைப்பில் ஏறியது.

இதுவரைக்கும் லெயோன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதற்கடுத்த நாள்தான் வாயைக் கொடுத்தான். கொடுத்தது வேறெதற்கும் இல்லை, ஒரு நாள் லீவுக்காக.

"எதற்கு லீவு?" என்று கேட்டார் டாக்டர் லாம்.

"வீட்டில் மாய் மரத்துக்கு இலை பறிக்க வேண்டும், ஐயா. இப்போது பறித்தால்தான் தெட்டுக்குச் சரியாகப் பூக்கும். அது தானாக உதிர்க்காது."

அந்த ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெட் என்கிற புத்தாண்டுக்கு மஞ்சள் மாய் பூத்திருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று வாரம் முன்னால் தொட்டி மரத்தை ஓர் இலை விடாமல் கையால் பறிப்பார்கள். டாக்டர் லாமும் வருஷா வருஷம் பறிப்பவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் காபித் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு லெயோனை வெகுநேரம் பார்த்தார். அவர் பார்வையில் அன்பு இருந்தது.

மாலைக்குள் திட்டம் தயாராகிவிட்டது. "துணைபுரியப்பட்ட இயற்கை இலையுதிர்வு" என்று பெயர். யோசனை வழங்கியவர் என்று லெயோனின் பெயரையும் போட்டிருந்தார்கள்.

மாரி-ரோஸ் அவனைச் சைக்கிள் கொட்டகையில் பிடித்தாள். "நீயா சொன்னே?"

"லீவுதான் கேட்டேன், அக்கா."

"இப்ப மொட்டையடிச்சா மழை ஈரத்துக்கு உடனே துளிர் விடும். மார்ச் வெயில்ல அத்தனையும் கருகும். ரெண்டாவது வாட்டி துளிர்க்க மரத்துக்குத் தெம்பு இருக்காது." குரலை உயர்த்தவில்லை. "போய் வேணாம்னு சொல்லு. உன் பேச்ச கேட்பாரு, உன் யோசனைதானே."

சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை. இரண்டு தடவை இயக்குநர் அறை வரைக்கும் போய்விட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

இலை பறிப்பு விழாவாகவே நடந்தது. டாக்டர் லாம் ஒரு கிளையில் கட்டியிருந்த சிவப்பு நாடாவைக் கத்தரித்து முதல் இலையைப் பறித்தார். விசிறி அளவு பெரிய இலை. கைதட்டினார்கள். கணக்குப் பிரிவும் வண்டியோட்டிகளும் சமையல்காரியும் ஏணிகளில் ஏறினார்கள். பிரிவுகளுக்குள் போட்டி வைத்ததால் கிளைகளோடு முறித்தவர்களும் உண்டு. ஏணிக் கால்கள் ஊன்றிய இடத்தில் என்னென்ன முளைத்திருந்தன என்று மாரி-ரோஸ் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யோசனை வழங்கியவன் என்ற முறையில் லெயோனுக்கு நல்ல உயரமான ஏணியாகக் கொடுத்தார்கள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் பறித்தான்.

பறித்து முடித்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தரையில் கிடந்த இலை எல்லாம் பச்சையாக இருந்தது. உதிர்ந்த இலை பழுப்பாக இருக்க வேண்டும். அதைப் பற்றியும் கூட்டம் போட்டார்கள். கடைசியில் பச்சை இலையை வண்டியில் அள்ளிப் போட்டுவிட்டு, தே நின் மாகாணத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து காய்ந்த சருகை மூட்டை மூட்டையாக வரவழைத்து, கணுக்கால் புதையப் பரப்பினார்கள். நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது. டாக்டர் லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். "இதுதான் காடு" என்றார்.

ஐரோப்பியக் குழுவின் தலைவி எழுபதைத் தாண்டிய தாவரவியல் அம்மாள், பிரெஞ்சுக்காரி. கைத்தடி ஊன்றி நடந்தவள், இரண்டாவது மரத்தடியிலேயே நின்று குனிந்து ஒரு சருகை எடுத்தாள். ஒரே காம்பில் மூன்று இலை.

"இது ரப்பர் இலை அல்லவா?"

லெயோன் மொழிபெயர்த்தான். டாக்டர் லாம் கண் இமைக்கவில்லை. "பருவநிலை மாற்றத்தால் தாவர இனங்கள் இடம்பெயர்கின்றன என்பது மதாமுக்குத் தெரியாததல்ல. எங்கள் காட்டுக்கு முதலில் இலைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. மரங்கள் பின்னால் வரும்."

மதாம் அந்தச் சருகைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, இலை பார்ப்பவர் யார் என்று கேட்டாள். மாரி-ரோஸ் முன்னால் வந்தாள்.

"நீங்கள் சொல்லுங்கள். இந்த வருஷம் இலை தானாக உதிர்ந்ததா?"

லெயோன் கேள்வியை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தான். மாரி-ரோஸ் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, அவளுக்கே புரியும் என்பதுபோல வியட்நாமியத்தில் நிதானமாகச் சொன்னாள். "இல்லை அம்மா. உதிரவில்லை. நாங்கள்தான் பறித்தோம். வருஷத்துக்கு வருஷம் தள்ளிப் போகிறது. இந்தச் சருகை விலக்கிப் பாருங்கள், அடியில் வேறு காடு முளைக்கிறது."

சுற்றி நின்ற நிலையத்து ஆட்கள் எல்லாருக்கும் அது புரிந்தது. டாக்டர் லாமின் புன்னகை அப்படியே இருந்தது. அவர் மாரி-ரோஸைப் பார்க்கவில்லை. லெயோனைப் பார்த்தார், காபித் தம்ளரை வைத்துவிட்டுப் பார்த்த அதே அன்போடு.

யாரும் அவனை மிரட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பொய் சொல் என்று ஒருவரும் சொல்லவில்லை. பத்து வருஷம் பழகிய நாக்கு, தானாகவே புரண்டது.

"ஆம் மதாம், தானாகத்தான் உதிர்ந்தது. வருஷா வருஷம் இப்படித்தான் என்கிறார்."

மதாமின் முகம் தெளிந்தது. கையிலிருந்த ரப்பர்ச் சருகைக் கீழே போட்டாள். மாரி-ரோஸின் கையை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினாள். பறித்தோம் என்று சொன்னவளின் கையை யாரும் அப்படிக் குலுக்க மாட்டார்கள். மாரி-ரோஸுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அது தெரிந்தது. அவள் லெயோனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். வழி தெரியாத தெருவில் இறக்கிவிடப்பட்டவள் வண்டிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மார்ச்சில் அவள் சொன்னபடியே நடந்தது. வந்த துளிர் வெயிலில் சுருண்டு கருகியது. கால்வாசி மரம் மறுபடி துளிர்க்கவே இல்லை. மே மாதம் ஐரோப்பியக் குழுவின் அறிக்கை வந்தது. பருவநிலை மாற்றம் இந்தக் காட்டைத் தொடவில்லை என்று பாராட்டியிருந்தார்கள். அந்த வாரமே நிலையத்தில் ஓர் ஆணை போட்டார்கள். இலை வருஷா வருஷம் உரிய காலத்தில் தானாகவே உதிர்வது உறுதியாகிவிட்டபடியால், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் தேவையில்லை. இலை பார்ப்பவர் பணியிடம் நீக்கப்படுகிறது.

லெயோன் அந்த ஆணையை அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனான். இந்த முறை தண்ணீர் குடிக்க நிற்கவில்லை.

"ஐயா, அன்று நான் மாற்றிச் சொன்னேன். அவர் பறித்தோம் என்றார். நான் உதிர்ந்தது என்றேன். தப்பு என்னுடையது. அவரை அனுப்பாதீர்கள்."

டாக்டர் லாம் தம் கையாலேயே அவனுக்குத் தேநீர் ஊற்றினார். "குற்ற உணர்ச்சி உயர்ந்த பண்பு. நானும் ஆண்டு இறுதிக் கூட்டத்தில் என் குறையைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்பவன். அளவுக்கு மீறி உழைக்கிறேன் என்று போன வருஷம் ஒப்புக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். உதிர்ந்தது என்று உலகம் அறிய அச்சாகிவிட்டது. நீங்கள் சொன்னதும் அதுதான். அப்படியானால் அன்றைக்கு மாற்றிச் சொன்னது யார்?"

லெயோன் தேநீரைத் தொடாமல் மேஜையில் வைத்தான்.

"அவர் முக்கியமான விருந்தினரிடம் தவறான தகவல் சொன்னதும், நீங்கள் சமயோசிதமாகத் திருத்தியதும் இதுவரை எனக்கு அதிகாரபூர்வமாகத் தெரியாது. இப்போது நீங்களே தெரிவித்துவிட்டீர்கள். நன்றி."

அதனால் மாரி-ரோஸ் வெறுமனே பணி நீக்கம் செய்யப்பட்டவளாகப் போகாமல், கண்டனக் குறிப்போடு போனாள். லெயோனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அவன் மனைவி ஜெர்மேன் அதற்குச் சட்டம் போட்டு வைத்தாள். கூடத்தில் மாட்ட ஆணி தேடியபோது, சுவர் ஈரம் என்று சொல்லி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டான். காப்பாற்றப் போய்க் குழியை ஆழமாக்கினோமே என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளைப் பார்த்துவிடுவோமோ என்று பயந்து, வேறு தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்தான்.

நிலையம் செழித்தது. செத்த மரங்களைப் பற்றி ஆண்டறிக்கையில் தனி அத்தியாயமே வந்தது. அவற்றில் வருஷம் முழுக்க ஓர் இலைகூட இல்லை. ஆகவே நூறு சதவீத இலையுதிர்வை எட்டிய முன்னோடி மரங்கள் என்று அறிவித்தார்கள். பலகைகளுக்குப் புது வர்ணம் அடித்தார்கள். அடுத்த ஜனவரிக்கு அலுமினிய ஏணிகள் வந்து இறங்கின. லெயோன் இப்போது இலையுதிர்வு ஒருங்கிணைப்பாளன்.

வீட்டு மாய் மரத்தை மட்டும் அவன் தொடவில்லை.

"என்னாங்க, தெட்டு நெருங்கிடுச்சு. மரம் அப்படியே நிக்குது" என்றாள் ஜெர்மேன்.

"தானா உதிரட்டும்."

"அது எங்க தானா உதிரும்? ஆபீஸ்ல ஒரு காட்டையே பறிக்கிறீங்க. வீட்டு மரத்துக்குக் கை வரலியா?"

அன்றைக்கு மத்தியானம் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நகரத்தின் தெற்கே வெளிநாட்டவர் நிறையக் குடியிருக்கும் பூ மி ஹங் போனான். அங்கே அடுக்குமாடி ஒன்றின் தோட்டத்தில் மாரி-ரோஸ் வேலை செய்வதாக யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் வரிசையாகப் பெரிய தொட்டிகளில் மாய் மரங்கள். அவள் ஓர் ஏணியில் நின்று இலை பறித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். ஒரு வருஷம் கழித்து அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

"ஏணியப் புடி, லெயோன். ஆடுது."

பிடித்தான்.

"அக்கா, நான்..."

"காட்டுல கடைசில எத்தனை போச்சு?"

"கால்வாசி. இந்த வருஷமும் பறிச்சிட்டாங்க. இன்னும் போகும்." பறித்தவர்களில் தானும் ஒருவன் என்று சேர்த்துக்கொள்ள அவனுக்கு நா எழவில்லை.

"பலகை?"

"பலகை எல்லாம் இருக்கு, அக்கா."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கிளைக்குக் கையை நீட்டினாள். "இங்க பறிக்கிறதுல எனக்கு வருத்தம் இல்ல. பறிக்கிறோம்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வேற பேரு வைக்கல."

அந்த நேரம் நாயோடு நடக்கப் போன வெளிநாட்டுப் பெண் ஒருத்தி ஏணியருகில் நின்றாள். பாவம், மரத்துக்கு என்ன நோய், இலையெல்லாம் உதிர்கிறதே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உச்சரிப்பிலேயே பிரெஞ்சுக்காரி என்று தெரிந்தது. லெயோன் பிரெஞ்சிலேயே பதில் சொன்னான்.

"நோய் இல்லை மதாம். உதிரவில்லை. நாங்கள்தான் பறிக்கிறோம்."

"அப்படியா" என்று சிரித்துவிட்டு அவள் நாய் இழுத்த பக்கம் போய்விட்டாள்.

மேலேயிருந்து கேட்டாள் மாரி-ரோஸ்: "என்னா சொன்னே அவகிட்ட?"

"உதிரல, நாங்கதான் பறிக்கிறோம்னு சொன்னேன்."

அவள் கை நின்றது. "பிரெஞ்சுல சொல்லு. நான் கேக்கணும்."

சொன்னான்.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் சொன்னான். அவள் தலையைச் சாய்த்து முழுதும் கேட்டாள்.

"இவ்வளவு சின்னதா அது?" என்றாள். "ரொம்ப நீளம்போல, அதான் அன்னிக்கு உனக்கு வாயில வரலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் திரும்பவும் பறிக்க ஆரம்பித்தாள். லெயோன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இலைகள் அவன் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தன. தட்டிவிட அவனுக்குக் கை வரவில்லை.